முகத்தில் ஃபில்லர் போடுமுன்: மலையகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஃபில்லர் போட நினைத்து வருகிறவர்கள் அநேகமாக எல்லாருமே முதலில் கேட்பது "எவ்வளவு நாள் நிற்கும்?" என்றுதான். நான் கண்டியில் ஒரு தோல் சிகிச்சை நிலையத்தில் தாதியாக வேலை செய்கிறேன். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து வருகிறவர்களிடம் நான் சொல்வது, அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. போடப்போவது என்ன பொருள், அது அசலா, போடுகிறவர் யார், பிழையாகிப்போனால் கரைக்க முடியுமா, கரைக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்: இவை தெரிந்த பிறகுதான் நாள் கணக்குக்கு அர்த்தம் வரும். முதலிலேயே நாளைக் கேட்கிறவர்கள்தான் "ரெண்டு வருஷம் கியாரண்டி" என்ற பேச்சில் மாட்டுகிறார்கள்.

படிகளை இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். முதல் நான்கும் முடியும்வரை முற்பணம் கட்டவேண்டாம்.

1. உங்களுக்கு வேண்டியது ஃபில்லர்தானா?

ஃபில்லர் என்பது தோலுக்கு அடியில் ஊசியால் வைக்கும் ஜெல். பள்ளமாக இருக்கும் இடத்தை நிரப்பும், உதட்டையோ கன்னத்தையோ கொஞ்சம் எடுப்பாக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் போடொக்ஸ் வேறு: அது தசையைத் தளர்த்தும் மருந்து, 3 முதல் 4 மாதத்தில் தீர்ந்துவிடும். நிறத்துக்கென்று பார்லர்களில் பேசப்படும் குளூடதயோன் ஊசி இன்னும் வேறு. மூன்றையும் "முகத்துக்கு ஊசி" என்று ஒரே பெயரில் சொல்லி விற்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

அதிகம் ஏமாற்றமடைகிறவர்கள் கண்ணுக்குக் கீழே கறுப்பு என்று வருகிறவர்கள். நம்முடைய தோலில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் நிறமிதான், பள்ளம் இல்லை. நிறமியை ஃபில்லர் போக்காது. இரத்தச் சோகை இருந்தாலும் முகம் வெளிறி, கண்ணடி இன்னும் கறுத்துத் தெரியும். முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பல மடங்கு செலவு மிச்சமாகலாம்.

2. பொருளின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதுதான் முழு வழிகாட்டியிலும் முக்கியமான முடிவு, ஏனென்றால் சில வகைகளைப் போட்ட பிறகு மாற்ற முடியாது.

ஹயலூரோனிக் அமில ஃபில்லர்தான் உலகில் அதிகம் பயன்படுவது. நம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருள் அது. சும்மா ஊசியில் ஏற்றினால் சில நாளில் உடம்பு கரைத்துவிடும் என்பதால், இழைகளைக் குறுக்கே பிணைத்துக் கெட்டியாக்குகிறார்கள். ரெஸ்டிலேன், ஜுவெடெர்ம், டியோசியல், பெலோடெரோ எல்லாம் இந்த வகை. இதன் பெரிய நன்மை, ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியால் ஏற்றி இதைக் கரைத்துவிடலாம் என்பது.

கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட் வகை ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் நிற்கும். பாலி லாக்டிக் அமிலம் பல தடவை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைத் தூண்டும், பலன் இரண்டு வருடம் வரை தெரியும். தேர்ந்த கைகளில் இரண்டும் நல்ல பொருட்களே. ஆனால் ஹயலூரோனிடேஸ் இவற்றைக் கரைக்காது.

பி.எம்.எம்.ஏ. என்ற நிரந்தர வகையும் உண்டு. திரவ சிலிகோனை முகத்தில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். முக அழகுக்காகச் சிலிகோன் ஊசி போடுவதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதிக்கவில்லை. வருடங்கள் கழித்துக்கூட முடிச்சு, வீக்கம், தோல் சேதம் வரலாம். வெளியே எடுப்பதென்றால் வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

முதல் தடவை போடுகிறவருக்கு என் அபிப்பிராயம் ஒன்றுதான்: ஹயலூரோனிக் அமிலம் தவிர வேறெதுவும் வேண்டாம். "இது நிரந்தரம், திரும்பப் போடவே தேவையில்லை" என்று யாராவது நல்ல விஷயம்போலச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நீண்ட நாள் நிற்பது என்றால், பிழையும் அவ்வளவு நாள் நிற்கும். முகமோ வயதோடு மாறிக்கொண்டே போகும், அந்தப் பொருள் போட்ட இடத்திலேயே இருக்கும்.

3. போடுகிறவரையும் இடத்தையும் சரிபாருங்கள்

போடுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த டொக்டராக இருக்கவேண்டும். சபையின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. தோல் மருத்துவ நிபுணராகவோ பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணராகவோ இருந்தால் மேலும் நல்லது. இடம் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப்படுத்தல் சபையில் பதிவானதா என்றும் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யவேண்டும்.

பார்லர் நடத்தும் அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மணப்பெண் அலங்காரத்தில் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், முகத்துக்குள் இரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று படித்தவர் இல்லை. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லை உள்ளே தள்ளும் "ஹயலூரோன் பேனா" இப்போது சிறு டவுன்களுக்கும் வந்திருக்கிறது. ஊசி இல்லை என்பதால் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். ஜெல் எவ்வளவு ஆழத்தில் போய் நிற்கும் என்பதை அந்தப் பேனாவால் கட்டுப்படுத்த முடியாது. இதைப் பயன்படுத்த வேண்டாமென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரித்தது.

டொக்டரிடம் நேரில் இந்த மூன்றையும் கேளுங்கள்:

"ஹயலூரோனிடேஸ் இந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா?" தேவைப்பட்டால் வரவழைப்போம் என்ற பதில் போதாது. இரத்தக் குழாய் அடைபட்டால் மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கும்.

"இரவு பத்து மணிக்கு ஏதாவது ஆனால் யாருக்குப் போன் பண்ணுவது?" வரவேற்பு மேசையின் நம்பர் இரவில் அடித்துக்கொண்டே இருக்கும். டொக்டரோ பொறுப்பான தாதியோ எடுக்கும் நம்பராக வாங்குங்கள்.

"கரைக்கவேண்டி வந்தால் காசு எவ்வளவு?" இதைச் சொல்லத் தயங்குகிற இடம், அந்த நாள் வரும்போதும் தயங்கும்.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நம் பெண்கள் பயப்படுகிறார்கள். நல்ல டொக்டர் கோபிக்கமாட்டார். கேள்வி கேட்டு வருகிற ஆளைத்தான் எங்களுக்கும் பிடிக்கும், அப்படிப்பட்டவர் பின்னால் சொல்கிற பத்தியத்தையும் ஒழுங்காகப் பார்ப்பார்.

4. பெட்டியை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்

தரம் பற்றிய சந்தேகத்துக்குப் பாதிக்கு மேல் பதில் பெட்டியிலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் கண்ணை மூடிப் படுத்த பிறகுதான் பெட்டி திறக்கப்படுகிறது. படுப்பதற்கு முன் பாருங்கள்.

அசல் ஃபில்லர், ஜெல் நிரப்பிய சிரிஞ்சாகவே தொழிற்சாலையிலிருந்து வரும். சிரிஞ்ச் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். போத்தலிலிருந்து உறிஞ்சி எடுத்த எதையும், ஏற்கனவே உறை பிரித்து மேசையில் வைத்த எதையும் ஏற்காதீர்கள்.

வெளிப்பெட்டியில் உள்ள தொகுதி இலக்கமும் (பேட்ச் நம்பர்) சிரிஞ்சில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். காலாவதித் திகதியை இரண்டிலும் பாருங்கள். பழைய பெட்டிக்குள் வேறு சிரிஞ்சை வைப்பதுதான் போலிக்காரர்களுக்கு ஆகச் சுலபமான வழி.

உரித்து ஒட்டக்கூடிய சிறு லேபல்கள் உள்ளே இருக்கும். அதில் பொருளின் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் உண்டு. ஒன்று கிளினிக்கின் பதிவேட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. உங்களுடையதை ஓர் அட்டையில் ஒட்டி, திகதி, போட்ட இடம், அளவு, டொக்டரின் பெயர் எழுதி வாங்குங்கள். போனில் படமும் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பொருள் இலங்கையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவானதா என்று கேளுங்கள். மருந்துகளோடு மருத்துவ சாதனங்களையும் பதிவு செய்வது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அந்தச் சபைதான். "வெளிநாட்டிலிருந்து தெரிந்தவர் கொண்டுவந்தது, அதனால் மலிவு" என்றால் அந்தப் பதிவு இல்லை என்றுதான் பொருள். வந்த வழியும் கேள்விக்குரியது. இந்த ஜெல்களைப் பொதுவாக 25 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல், வெயில் படாமல் வைக்கவேண்டும், உறையவும் விடக்கூடாது. நுவரெலியாவின் குளிரில் அலுமாரியில் வைத்தாலே போதும்தான். ஆனால் அதே பெட்டி யாருடைய சூட்கேசிலோ, கொழும்பு வெக்கையில் நிறுத்திய வேனிலோ எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், ஒரு சிரிஞ்ச் ஒரே ஆளுக்கு, ஒரே தடவைக்கு. அக்காவும் தங்கச்சியும் ஒரு சிரிஞ்சைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வருகிறார்கள். காசு மிச்சம் என்று தோன்றும். ஊசியை மாற்றினாலும் சிரிஞ்சுக்குள் இரத்தம் பின்னோக்கி வந்திருக்கலாம், அதோடு கல்லீரல் அழற்சி போன்ற நோய்களும் வரும். மீதியைப் பிரிட்ஜில் வைத்து அடுத்த மாதம் போடுவதும் கூடாது, உறை பிரித்த பின் அது கிருமியற்ற பொருள் இல்லை.

5. நாளைக் குறியுங்கள்

கல்யாணத்துக்கென்று வருகிறவர்கள் தை, ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்து நிற்கிறார்கள். முதல் தடவை என்றால் குறைந்தது 6 முதல் 8 வாரம் முன்னால் போடுங்கள். வீக்கம் வடிய, கன்றிப்போன இடம் மாற, தேவையானால் திருத்தவோ கரைக்கவோ அவகாசம் வேண்டும். ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் முகத்தில் நலங்கு மஞ்சள் பூசுவதும் கூடாது, ஊசித் துளை வழியே கிருமி போகும்.

பல் பிடுங்குவது, பல் சுத்தம் செய்வது இரண்டு வாரம் முன்னும் பின்னும் வேண்டாம். வாயிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமி ஜெல்லில் தங்கிக்கொள்ளலாம். காய்ச்சல், சளி, முகத்தில் சீழ்ப்பரு இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

மழையையும் பாருங்கள். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் போடாதீர்கள். பாதை மூடினால் மறுநாள் கிளினிக்குக்குத் திரும்ப முடியாது.

நேரம் காலையாக இருக்கட்டும். பின்னேரம் வந்தால் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் உங்களுக்கும், கதவை மூடும் அவசரம் எங்களுக்கும். முகத்தில் ஊசி போடும் வேலையில் அவசரம் ஆகாது.

6. டொக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டியவை

கர்ப்பம், பாலூட்டுவது, தன்னெதிர்ப்பு நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது), தழும்பு தடித்து வளரும் உடம்புவாகு, உதட்டில் அடிக்கடி வரும் அக்கிக் கொப்புளம் (இதற்கு முன்கூட்டியே மாத்திரை தரலாம்), முன்பு முகத்தில் போட்ட எதுவும்.

அஸ்பிரின், இபுபுரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ இவை கன்றலை அதிகமாக்கும். நீங்களாக எடுப்பவற்றை ஒரு வாரம் முன் நிறுத்தலாம். இருதயத்துக்கென்று டொக்டர் எழுதிக்கொடுத்த அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் மறக்காமல் சொல்லவேண்டியது இன்னொன்று: குளவியோ தேனீயோ கொட்டி எப்போதாவது மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் வந்திருக்கிறதா? அவற்றின் விஷத்திலும் ஹயலூரோனிடேஸ் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு ஃபில்லரைக் கரைக்கும் ஊசியும் ஒவ்வாமல் போகலாம். கொழுந்து மலையில் குளவிக் கொட்டு சாதாரணம் என்பதால் இதை யாரும் ஒரு நோயாக எண்ணிச் சொல்வதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

7. போடும் அன்று

மேக்கப் இல்லாமல் போங்கள். முன்படம் எடுங்கள்: ஒரே ஜன்னல், ஒரே தூரம், நேராக ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, போனில் அழகூட்டும் ஃபில்டர் அணைத்து. பின்னால் "நின்றதா, போய்விட்டதா" என்று சொல்ல இந்தப் படங்கள்தான் சாட்சி.

அளவைக் கேளுங்கள். ஒரு சிரிஞ்ச் வழக்கமாக 1 மில்லி லீட்டர், அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் தடவை குறைவாகப் போட்டு, இரண்டு வாரம் கழித்துத் தேவையென்றால் கூட்டுவதே சரி. மூக்கு, புருவ நடு, நெற்றி மூன்றும் கண்ணுக்குப் போகும் இரத்தக் குழாய்களோடு தொடர்புள்ளவை, அங்கே ஆபத்து கூட. முதல் தடவைக்கு அந்த இடங்களைத் தவிருங்கள்.

8. முதல் 24 மணி நேரம்

வீடு ஹட்டனுக்கு அப்பால் என்றால் அன்று இரவு கண்டியிலேயே, அல்லது கிளினிக் இருக்கும் டவுனிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். தங்கும் செலவையும் ஃபில்லரின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

காரணம் இதுதான். ஜெல் இரத்தக் குழாய்க்குள் போனால், அல்லது வெளியிலிருந்து அதை அழுத்தினால், அந்தப் பகுதித் தோலுக்கு இரத்தம் போகாது. சில நேரம் உடனே தெரியும், சில நேரம் மணிக்கணக்கில் கழித்து. சீக்கிரம் கரைத்தால் தோல் பிழைக்கும், தாமதித்தால் கறுத்துப் புண்ணாகித் தழும்பாகும்.

பார்க்கவேண்டியவை: நேரம் போகப் போகக் கூடும் வலி, தோல் வெளிறுவது அல்லது சாம்பல் நிறமாவது, வலைபோல ஊதாக் கோடுகள், தொட்டால் மற்றப் பக்கத்தைவிடக் குளிர்ச்சி. கறுப்புத் தோலில் வெளிறுவது லேசில் தெரியாது. அதனால் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 2 விநாடியில் நிறம் திரும்பவேண்டும். போடாத இடத்தையும் அழுத்தி ஒப்பிடுங்கள். உதட்டில் போட்டிருந்தால் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளினிக்குக்குப் போன் பண்ணிவிட்டுக் கிளம்புங்கள். அந்த இடத்தில் ஐஸ் வைக்கவேண்டாம், குழாய் இன்னும் சுருங்கும். "காலையில் பார்ப்போம்" என்று தூங்கவேண்டாம்.

பார்வை மங்கினால், இரண்டாகத் தெரிந்தால், ஒரு கண்ணில் திடீர் வலி வந்தால், இமை தொங்கினால் கிளினிக்கின் பதிலுக்குக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, கண் சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். "ஹயலூரோனிக் அமில ஃபில்லர், இத்தனை மணிக்குப் போட்டது" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது, அரிதாகத்தான் ஆகும். சாதாரண வீக்கமும் இலேசான வலியும் கன்றலும் பலருக்கும் வரும், அவை நாளுக்கு நாள் குறையும். குறைகிறதா கூடுகிறதா என்பதுதான் வித்தியாசம்.

9. அடுத்த இரண்டு வாரம்

இரண்டு நாள் விறகு அடுப்புக்கு முன் குனிந்து நிற்பது, தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் பகுதி வேலை, கடும் உடற்பயிற்சி, மது எல்லாவற்றையும் தவிருங்கள். சூடு வீக்கத்தைக் கூட்டும். குளிருக்கு மப்ளரைக் கன்னத்தோடு இறுக்கிக் கட்டும் பழக்கம் நமக்கு உண்டு, கன்னத்திலோ தாடையிலோ போட்டவர்கள் சில நாள் தளர்வாகக் கட்டுங்கள். கவிழ்ந்து படுக்காதீர்கள். டொக்டர் சொல்லாமல் பிசைந்துவிடாதீர்கள்.

குளிராக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடவும் வேண்டாம். 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவில் புற ஊதாக் கதிர் தாழ்நாட்டைவிடக் கூட, மேகம் அதை முழுதாக மறைக்காது. கன்றிய இடம் வெயிலில் கறுத்து நிரந்தரப் புள்ளியாகலாம்.

இரண்டு வாரம் முடியுமுன் நல்லது கெட்டது தீர்மானிக்காதீர்கள். ஹயலூரோனிக் அமிலம் தண்ணீரை இழுக்கும். முதல் இரண்டு மூன்று நாள் உதடு நினைத்ததைவிடப் பெரிதாகத் தெரியும், பிறகு வடியும். "ஒரு வாரத்தில் கரைஞ்சு போச்சு, டூப்ளிகேட் போட்டுட்டாங்க" என்று வருகிறவர்கள் பலருக்குப் போனது வீக்கம் மட்டுமே. முன்படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

10. சரி, இப்போது அந்தக் கேள்வி: எவ்வளவு நாள்?

உதட்டில் ஏறக்குறைய 6 முதல் 12 மாதம். மூக்கோரம் வாய்வரை இறங்கும் மடிப்பில் 9 முதல் 12 மாதம். கன்னத்தில் கெட்டியான ஜெல் என்றால் ஒன்று முதல் இரண்டு வருடம். கண்ணுக்குக் கீழே அதைவிடவும் நீடிக்கலாம். பேச, சாப்பிட, சிரிக்க ஓயாமல் அசையும் இடத்தில் சீக்கிரம் குறையும், அசைவு குறைந்த இடத்தில் நிற்கும். ஜெல் எவ்வளவு பிணைக்கப்பட்டது, எந்த ஆழத்தில், எவ்வளவு என்பதும் சேரும். அதனால் ஒரே நாளில் ஒரே பொருளைப் போட்ட இரண்டு பேருக்கு ஒரே கணக்கு வராது. திகதி சொல்லிக் கியாரண்டி தருகிறவர் உங்களிடம் உண்மை பேசவில்லை.

பார்வைக்குக் குறைந்தது என்றால் உள்ளே முழுதும் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. எம்.ஆர்.ஐ. படங்களில் வருடங்கள் கழித்தும் மிச்சம் இருப்பது பார்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே 6 மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் "டச் அப்" என்று சேர்த்துக்கொண்டே போனால் முகம் கனத்து ஊதிப்போகும். திகதியைப் பார்த்துப் போடவேண்டாம். முன்படத்தோடு ஒப்பிட்டு, உண்மையிலேயே பழைய நிலைக்கு வந்திருந்தால் மட்டும் போடுங்கள்.

மாதங்கள் கழித்து ஒரு கட்டி தட்டுப்பட்டால், காய்ச்சலுக்குப் பின் போட்ட இடம் திடீரென வீங்கினால், கண்ணடியில் நீலச் சாயல் தெரிந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். பிதுக்காதீர்கள், பத்துப் போடாதீர்கள், பார்மசியில் நீங்களாக அன்டிபயோடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். கிருமித் தொற்றா, ஜெல்லின் முடிச்சா என்பதைப் பொறுத்து சிகிச்சை வேறுபடும்.

11. வெளிநாட்டில் போட்டுவிட்டு வந்தவர்கள்

மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பும் பெண்களில் சிலர் அங்கேயே போட்டுக்கொண்டு வருகிறார்கள். என்ன பொருள் என்று கேட்டால் தெரியாது. அதன்மேல் புதிதாகப் போடுவதற்கு அவசரப்படவேண்டாம், இரண்டு வகை ஒரே இடத்தில் சேர்ந்தால் பிறகு எதனால் பிரச்சினை என்று பிரித்தறிய முடியாது. போட்ட இடத்துக்கு வட்ஸ்அப்பிலாவது எழுதிப் பொருளின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் டொக்டர் அல்ட்ராசவுண்ட் எடுத்து ஓரளவு வகையை அறியலாம்.

12. முறைப்பாடு செய்யவேண்டி வந்தால்

முதலில் சிகிச்சை, பிறகுதான் முறைப்பாடு. டொக்டரின் நடத்தை பற்றி இலங்கை மருத்துவ சபைக்கு, பொருள் போலி என்ற சந்தேகத்தைத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கு, நிலையத்தைப் பற்றித் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குமுறைப்படுத்தல் சபைக்கு எழுதலாம். பில் தர மறுத்தது, சொன்ன பொருளை விட்டு வேறு பொருள் போட்டது போன்றவற்றுக்கு நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் உண்டு. கடிதம் தமிழில் எழுதினால் போதும். லேபல் ஒட்டிய அட்டை, பில், திகதியோடு கூடிய படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை அனுப்புங்கள். மூலங்களை யாரிடமும் கொடுக்காமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.